சத்தம் போடாத வண்டி

கார் பார்க்கப் போய்ப் போய், ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குக் கால் வலிக்கத் தொடங்கிவிட்டது. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சேலையை மாற்றக்கூட நேரம் கொடுக்காமல் என் வீட்டுக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். ஒரு வாரம் திருநெல்வேலி, ஒரு வாரம் சாத்தான்குளம், ஒரு வாரம் தூத்துக்குடியிலேயே மூன்றாம் மைல் பக்கம். யாரோ விற்கிற வண்டியை யாரோ பளபளவென்று துடைத்து நிறுத்தியிருப்பார்கள். இவர் அதைச் சுற்றிச் சுற்றி வருவார். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் கொடுக்கிற கலரைக் குடித்துக்கொண்டிருப்பேன். ஐம்பத்தெட்டு வயதில், வாரம் ஐந்து நாள் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தித் தொண்டை வறண்டுபோனவளுக்கு ஞாயிறும் இப்படிப் போனால் எரிச்சல் வருமா வராதா?

வண்டி ஏன் வேண்டும் என்பதில் மட்டும் எனக்கும் அவருக்கும் சண்டையே இல்லை. எங்கள் மகள் திருநெல்வேலியில் நர்ஸ். மருமகன் குவைத்தில் இருக்கிறார். சனி ஞாயிறுகளில்தான் அவளுக்கு டியூட்டி அதிகம். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவர் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பேத்தியைக் கூட்டிவருவார், ஞாயிறு சாயங்காலம் கொண்டுவிடுவார். பேத்திக்கு நான்கு வயது. எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பெருமழையில் எங்கள் தெருவில் இரண்டு நாள் இடுப்பளவு தண்ணீர் நின்றதே, அதில் எங்கள் பழைய கார் போயிற்று. அதோடு வெள்ளிக்கிழமையும் போயிற்று. பஸ்ஸில் கூட்டிவந்தால் பிள்ளை முறப்பநாடு தாண்டுவதற்குள் வாந்தி எடுக்கிறாள். எட்டு மாதத்தில் மூன்று தடவைதான் வந்தாள். சனி ஞாயிறுகளில் அவளை அங்கே எதிர்வீட்டில் விட்டுவிட்டு மகள் வேலைக்குப் போகிறாள்.

வண்டி வந்தால் பிள்ளை வருவாள். அவ்வளவுதான் விஷயம். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்து இரண்டு வருஷமாக வீட்டிலிருக்கும் மனிதருக்கு வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் மிச்சம். எட்டு மாதத்தில் ஆள் வாடி வதங்கிவிட்டார். சாப்பாட்டில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் கேட்பதில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஹைபிரிட் என்ற வார்த்தையை வீட்டுக்குள் கொண்டுவந்தது பெங்களூரில் இருக்கும் மகன்தான். இவர் அதைப் பிடித்துக்கொண்டார். என்னவென்று நான் கேட்டபோது எனக்கே பாடம் எடுத்தார்.

"பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு. மெதுவாப் போகும்போது பேட்டரி இழுக்கும், எஞ்சின் தூங்கும். வேகம் எடுத்தா எஞ்சின் முழிச்சிக்கிடும். சார்ஜ் போட வேண்டாம், தன்னால ஏறிக்கிடும்."

"அப்ப ரெண்டு சாமான். ரெண்டு ரிப்பேர்" என்றேன்.

"உனக்கு எப்பவும் கழித்தல் கணக்குதான்."

அவர் சிரித்தார். சிரித்து நாளாகியிருந்ததால் நானும் மேற்கொண்டு வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கப்பல்களைக் கரைக்கு இழுத்து வருகிற டக் படகில் முப்பத்தாறு வருஷம் எஞ்சின் டிரைவராக இருந்தவர் அவர். எஞ்சின் சத்தத்தில் ஒரு பிசிறு வந்தால் இன்ன இடத்தில் கோளாறு என்று சொல்வார். தெருவில் போகிற ஆட்டோவின் சத்தத்தை வைத்தே அதன் ஆயுளைக் கணிப்பார். அப்பேர்ப்பட்டவருக்குச் சத்தமே வராத வண்டி மேல் என்ன திடீர் மோகம் என்று நினைத்தேன். வயதாகிவிட்டது, அமைதி கேட்கிறது போல என்று நானே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டேன்.

பழைய ஹைபிரிட் வண்டி நம் பக்கம் அவ்வளவு லேசில் கிடைக்காது. கிடைத்தாலும் எங்களுக்கு முதல் சந்தேகம், தண்ணீரில் நின்ற வண்டியா என்பதுதான். அந்த மழைக்குப் பிறகு தூத்துக்குடிக்காரர்கள் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் செய்வது சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பது. உள்ளே சுருண்டிருக்கும் பட்டையில் சேறு ஏறியிருந்தால் எந்தக் கொம்பனாலும் கழுவ முடியாது. ஹைபிரிட்டில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, தண்ணீர் புகுந்தால் அவ்வளவுதான் என்று மகன் போனில் பயமுறுத்தியிருந்தான். இந்த வேலையை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். மூன்று ஞாயிறுகளில் நான் இழுத்த பெல்ட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் துறைமுகம் வரை போகும்.

நாலாவது ஞாயிறு காயல்பட்டினம். திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெயில் என் பக்கமே அடித்தது. பழையகாயல் தாண்டும்வரை உப்பளத்து வெளுப்பில் கண் கூசியது. இவர் ஒரு துண்டுக் காகிதத்தில் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டே வந்தார்.

விற்கிறவர் இருபது வருஷம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டையும் இடுப்பில் கட்டம்போட்ட சாரமுமாக வாசலுக்கே வந்து கூட்டிப்போனார்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க டீச்சர். உம்மாவுக்கு இடுப்பு வலி, குலுங்காத வண்டியா வேணும்னு வாங்கினது. உம்மா மவுத்தாயி, அடக்கம் பண்ணி ஒரு வருசம் ஆவுது. இந்தச் சந்துக்குள்ள எனக்கு பைக்கே போதும். சும்மா நிப்பாட்டி வச்சிருக்கேன்."

வெள்ளை நிற வண்டி. நான் நாலு பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தேன். புதுத் துணி மாதிரி இருந்தது. இவர் அந்த வெயிலில் மல்லாந்து படுத்து அடிப்பாகத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். உப்புக் காற்றுக்கு அங்கங்கே துரு பொரிந்திருந்தது. அது நம் ஊரில் ஸ்டீல் பீரோவுக்குக்கூட உண்டு. எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தோம். இவர் ஓட்டும் இடத்தில், அவர் பக்கத்தில், நான் பின்னால். பட்டனை அமுக்கினார். ஒரு சத்தமும் இல்லை. முன்னால் பச்சையாக ஒரு விளக்கு எரிந்தது.

"ஓடுதா?" என்று நான் கேட்டேன்.

"ஓடுது டீச்சர். அந்த விளக்கு எரிஞ்சா ஓடுதுன்னு அர்த்தம். எஞ்சின் சத்தம் ஒருத்தருக்கும் கேக்காது" என்றார் விற்பவர்.

இவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம். பேத்தி வாசலில் இறங்கும்போது வருகிற முகம் அது.

வண்டி நகர்ந்ததும் உள்ளே ஏதோ டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கியது. விற்பவர் பெல்ட் போடவில்லை, அதற்குத்தான் அந்த மணி. தன் வண்டிதானே என்று அவர் கண்டுகொள்ளவில்லை. சந்திலிருந்து பெரிய தெருவுக்கு வரும்வரை அது அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு மண்டை காய்ந்தது. குழாய் சொட்டினால்கூடச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து போய் இறுக்கிவிட்டு வருகிற மனிதர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேரம் பேச வந்த இடத்தில் மரியாதை பார்க்கிறார் என்று நினைத்தேன். பின்னால் பைக்கில் வந்த ஒரு பையன் வழி கேட்டு ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினான். இவர் நடுவிலேயே போனார்.

"கொஞ்சம் ஒதுங்குனா என்ன? அந்தப் பையன் எவ்வளவு நேரமா அடிக்கான்" என்றேன்.

அவர் ஸ்டியரிங்கை அசைக்கவில்லை. அதுவும் புதிதில்லை. ரோட்டில் யாருக்கும் ஒதுங்காத வீம்பு அவருக்கு எப்போதும் உண்டு.

திருச்செந்தூர் ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் விற்பவர், "இப்ப எஞ்சின் ஓட ஆரம்பிச்சிட்டு, பாருங்க" என்று கையை முன்னால் காட்டினார். இவர் உடனே இடது உள்ளங்கையை ஸ்டியரிங்குக்கு மேலே பலகையில் வைத்து அழுத்தினார். இரண்டு விநாடி கழித்து, "ஆமா, வந்துட்டு" என்றார்.

திரும்பி வந்து வீட்டு முன்னால் நிறுத்த வேண்டும். சந்து குறுகல். இவர் பின்னால் எடுத்தார். பக்கத்து வீட்டு நடைக்கு முன்னால் ஒரு குடம் இருந்தது. பிளாஸ்டிக் குடம், தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். வண்டி அதை நெருங்க நெருங்க, உள்ளே சென்சார் கீ கீ என்று அலறியது. பிறகு இடைவெளியே இல்லாமல் ஒரே கீச்சல். "போதும் அண்ணாச்சி, போதும்" என்றார் விற்பவர். "நிறுத்துங்க!" என்று நான் கத்தினேன். ஒன்பதாம் வகுப்பையே அடக்குகிற குரல் என்னுடையது. வண்டி நிற்கவில்லை. பின்னால் சடக்கென்று ஒரு சத்தம். வண்டி எதன்மேலோ ஏறிய மாதிரி லேசாகத் தூக்கியது. அப்போதுதான் பிரேக் பிடித்தார்.

அவர் கியரை மாற்றாமல் ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட, இறங்கிப் பார்த்தோம். குடம் சப்பையாகிக் கிடந்தது. தண்ணீர் சந்து முழுக்க ஓடியது. யாருக்கும் ஒன்றும் இல்லை. ஒரு குடம். ஆனால் சப்பையாகும் முன் அந்தக் குடம் நின்ற உயரத்தை நினைத்தேன். நாலு வயசுப் பிள்ளை உட்கார்ந்து விளையாடினால் அந்த உயரம்தான் இருப்பாள்.

இவர் குடத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, விற்பவரிடம் கொஞ்சம் கோபமாகவே சொன்னார்:

"ரிவர்ஸ் சென்சார் வேலை செய்யலியே! ஒரு சத்தமும் குடுக்க மாட்டேங்கு. இதச் சரி பண்ணித் தந்தாத்தான் மேக்கொண்டு பேச முடியும்."

கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே அது இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

விற்பவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்த மனிதர் குனிந்து பட்டனை அமுக்கி வண்டியை நிறுத்தினார். பிறகு இவர் முகத்துக்கு நேராக வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "சரி அண்ணாச்சி. சரி பண்ணித் தாரேன்."

எனக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று? கட்டி முப்பத்திரண்டு வருஷம் ஆன பெண்டாட்டிக்கு? பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வேறு வீடாக இருந்தால் ஒரு மாதத்தில் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டு வழக்கம் வேறு. டக் படகின் எஞ்சின் அறையில் வாய் திறந்து பிரயோஜனம் இல்லை. அங்கே எல்லாம் கைதான். இவர் டியூட்டி முடிந்து வந்தால் ஒரு மணி நேரத்துக்குக் காதுக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், பேசினால் ஏறாது. அதனால் கல்யாணமான புதிதிலேயே நானும் கைப்பாஷை கற்றுக்கொண்டேன். ஐந்து விரலையும் குவித்து வாய்க்கு நேரே காட்டினால் சாப்பாடு. கட்டைவிரலைச் சாய்த்தால் டீ. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் மெதுவாக, பிள்ளை தூங்குகிறது. அவர் திரும்ப வேண்டுமென்றால் தரையில் காலால் தட்ட வேண்டும். என் பிள்ளைகள் அப்பா என்று கூப்பிட்டதைவிடக் காலைத் தட்டியதுதான் அதிகம். பேத்தியும் அதைத்தான் செய்கிறாள். அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள், எங்களுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. இப்படிக் கையாலேயே குடும்பம் நடத்திய வீட்டில் காது போனால் யாருக்குத் தெரியும்? கணக்கு டீச்சர் என்று பேர்தான் பெரிசு.

பஸ்ஸில் அவர் ஒரே உற்சாகம். "சென்சாரத் தவிர குறையே சொல்ல முடியாது வண்டியில" என்றார். "வார வெள்ளிக்கெழம இல்லாட்டாலும் அதுக்கடுத்த வெள்ளி போயி பாப்பாவக் கூட்டிட்டு வந்துருவோம்." குரல் பஸ் முழுக்கக் கேட்டது. இவ்வளவு சத்தமாகப் பேசுகிறாரே என்று நாலு வருஷமாக நான் திட்டிக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. தலையை ஆட்டினேன். ஆத்தூரில் ஏறியவர்கள் மேலே விழுந்து நெரித்தார்கள். அந்த நெரிசலில் நான் அழுததை யாரும் கவனிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் செய்த காரியத்தை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. வண்டியில் ஏதாவது ஒரு பெரிய கோளாறு இருக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, பேட்டரி செத்திருக்கட்டும், எஞ்சினில் விரிசல் இருக்கட்டும் என்று. புதன்கிழமை நாங்கள் அனுப்பிய மெக்கானிக் காயல்பட்டினம் போய்க் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்கே வந்து, "யோசிக்கவே வேண்டாம் டீச்சர், பேட்டரி புதுசு மாதிரி இருக்கு. கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்றார். மகன் போனில் குதித்தான். "இதுக்குமேல என்னம்மா யோசன?" என்றான். எனக்கு எங்காவது போய்ப் படுத்துவிட வேண்டும் போல இருந்தது.

இவரிடம் ஒவ்வொரு சாக்காகச் சொல்லிப் பார்த்தேன், கையும் வாயுமாக. சாமான் இந்தப் பக்கம் கிடைக்காது என்றேன். மதுரையில் கிடைக்கும் என்றார். உப்புக் காற்று தின்றுவிடும் என்றேன். அடியில் கோட்டிங் அடிக்கலாம் என்றார். வெள்ளை நிறம் அழுக்காகும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏளா, உனக்கு என்னதான் ஆச்சு?" என்றார். உங்களுக்குக் காது கேட்கவில்லை என்ற மூன்று வார்த்தை என் வாயில் வரவே இல்லை. அதைச் சொன்னால் அந்த முகத்திலிருக்கும் வெள்ளிக்கிழமை போய்விடும். சொல்லாவிட்டால், துறைமுகம் போகிற லாரிகளுக்கு நடுவில் அந்தப் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அவர் ஓட்டுவார்.

சனிக்கிழமை காலை. வண்டி நிறுத்துகிற இடத்தை அவர் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் அங்கே வைத்திருந்த குரோட்டன் தொட்டிகளை எல்லாம் ஓரமாக நகர்த்திவிட்டார். முதுகு என் பக்கம் இருந்தது. மூன்றடி தள்ளி நின்றுகொண்டு சாதாரணக் குரலில், "வண்டி வேண்டாம்" என்றேன். விளக்குமாறு நிற்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன். பிறகு வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். இவர் குனிந்து மண்ணை வாரிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஓய்ஞ்சுபோச்சுங்க" என்றேன் அந்த முதுகிடம். "ஒங்களுக்குக் காது கேக்கல. எங்கிட்டயே மறைச்சுட்டீயளே. நான் என்ன மூணாம் மனுசியா?"

காலைத் தட்டினேன். உடனே திரும்பினார். சிரித்துக்கொண்டே, "என்னளா, டீயா?" என்றார்.

நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி, "இப்ப நான் என்ன சொல்லுதேன்?" என்று கேட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றிருந்தது, அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு ஒரு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"காயப்பட்டணத்துல தெரிஞ்சிட்டோ?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"அவருக்கும்?"

அதற்கும் ஆட்டினேன். "சே" என்றார். எனக்குத் தெரிந்ததைவிட அது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

பிறகு அவராகவே சொன்னார். நாலு வருஷமாகிறதாம். "மொதல்ல குருவி போச்சு. பெறகு போனு போச்சு. பெறகு சர்ச்சுல ஐயர் பிரசங்கம் போச்சு, அதுக்கு நான் வருத்தப்படல." எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "படகுல இருக்கும்போது சொன்னா எறக்கிவிட்டுருவான். ரெண்டு வருசந்தானேன்னு ஓட்டிட்டேன். எஞ்சின் மேல கைய வச்சா எல்லாம் தெரியும். பெறகு சொல்லுததுக்கு வெக்கமாப் போச்சு."

"அதுக்கு இந்த வண்டியா?"

வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"அந்த வண்டியில எஞ்சின் ஓடுதது ஒருத்தனுக்குமே கேக்காதாம். வெளக்கப் பாத்துத்தான் எல்லாரும் தெரிஞ்சிக்கிடணுமாம். சரி, நமக்குத் தோதா ஒண்ணு செஞ்சிருக்கானுவன்னு நெனைச்சேன்."

"பழைய வண்டியில பாப்பாவ எப்படிக் கூட்டிட்டு வந்தீய?"

அதற்கு மட்டும் அவர் தொட்டி மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நடுக் கண்ணாடிய அவ பக்கம் திருப்பி வச்சுக்கிடுவேன். வாயப் பாத்துக்கிட்டே வருவேன். தண்ணி கேட்டாளா, ஒண்ணுக்குன்னு சொன்னாளான்னு தெரியணும்லா."

"ரோட்டப் பாக்கலியா? பின்னால லாரி வந்தா?"

"ரெண்டையும் பாப்பேன்."

அப்போது எனக்கு வந்ததே கோபம்! பாலத்திலும் பைபாஸிலும் அந்தக் கண்டெய்னர் லாரிகளுக்கு முன்னால், கண்ணாடியைப் பிள்ளை பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, வாரா வாரம். நான் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அறிவிருக்கா என்றேன், பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா அவ அம்மா முகத்துல எப்படி முழிப்பீய என்றேன். எதிர்வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது. அவர் கடைசி சொட்டு வரை என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் களைத்து நிறுத்தியபோது, "நீ சொல்லுதது சரிதான்" என்றார். "வேண்டாம்னு அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிரு. நான் பேசினா அவரு சொல்லுதது வெளங்காது."

அங்கேயே நின்று காயல்பட்டினத்துக்குப் போன் செய்தேன். வண்டி வேண்டாம் என்றேன். காரணம் அவர் கேட்கவில்லை. "அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும் டீச்சர். மூத்தவருக்கு முன்னால வாய் வரல. சென்சாரச் சரி பண்ணித் தாரேன்னு பொய் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றார். நான் தாங்க்ஸ் என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுத் திருநெல்வேலியில் காது டாக்டரைப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். போகிற போக்கில் மகளிடமும் சொல்லியாக வேண்டும். கருவி மாட்டினால் ஓரளவு கேட்கலாம், கேட்காமலும் போகலாம். அதுவரை வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டு நான்தான் பஸ் ஏற வேண்டும், வாந்திக்கு ஒரு பையும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு. நினைத்தபோதே முழங்கால் வலித்தது.

அவர் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போகத் திரும்பினேன்.

"ஏளா, ஒண்ணு கேக்கட்டா?"

நின்றேன்.

"பாப்பா பேசுதாள்லா. அவ குரல் எப்படி இருக்கும்?"

அவள் பேச ஆரம்பித்து இரண்டரை வருஷந்தான் ஆகிறது. நான் போய் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன், என் வாய் அவர் கண்ணுக்கு நேராக இருக்கும்படி. "கொஞ்சம் கரகரன்னு இருக்கும்" என்றேன். "ஒங்களக் கூப்பிடும்போது மட்டும் தாத்தாவ்வுன்னு இழுப்பா. வேற யாரையும் அப்படி இழுக்க மாட்டா."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார்.